பெரியவருக்கு அடுத்த பந்தி

உடம்பைக் குறைக்க வயிற்றை இரண்டாகப் பிரித்துக்கொள்கிறவர்கள், மூடிவைக்கப்படும் பெரிய பாகத்திடம் உண்மையைச் சொல்லக் கூடாது. "இப்போது பந்தியில் இடமில்லை, அடுத்த பந்தி உங்களுக்குத்தான்" என்று மூன்று வேளையும் சொல்ல வேண்டும். நான் பதினோரு மாதம் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

என் பெயர் சென்னியப்பன். கோபிச்செட்டிபாளையம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் முத்திரைத்தாள் கடைக்கும் நடுவில் மேஜை போட்டு இருபத்துநான்கு வருடமாகப் பத்திரம் எழுதுகிறேன். பொய்யாக ஒரு வரி எழுதியதில்லை. கிணறே இல்லாத காட்டில் கிணறு ஒன்று என்று எழுதச் சொன்ன ஆளை, குடித்துக்கொண்டிருந்த டீயைக்கூட முடிக்க விடாமல் எழுப்பி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்டவன் ஒரு நாளைக்கு மூன்று பொய் சொல்ல வேண்டிவந்ததுதான் எனக்கு ஆபரேஷனைவிட வலித்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் நூற்று நாற்பத்தொரு கிலோ இருந்தேன். சர்க்கரை வேறு. சார்பதிவாளர் அலுவலகத்தின் ஆறு படிகளை ஏறினால், ஆறாவது படியில் சாட்சி ஒருவர் என்னைப் பிடித்துக்கொள்வார். இப்படியே போனால் இரண்டு வருடம்தான் என்று கோயமுத்தூரில் டாக்டர் நல்லதம்பி சொன்னார். என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் விளக்கியபோது எனக்கு முதலில் புரியவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை அவர் பக்கம் தள்ளி, நான்கு எல்லையும் போட்டு வரைந்துகாட்டச் சொன்னேன். அவர் வரைந்ததும் விளங்கிவிட்டது. அது ஒரு பாகப்பிரிவினை.

வயிற்றின் மேல்புறத்தில் ஒரு கோழிமுட்டை அளவு பிரித்து, அதைத் தனி வயிறாக்குவார்கள். மீதியிருக்கும் பெரிய பாகத்தின் வாசலைத் தைத்து மூடிவிடுவார்கள். அதை வெளியே எடுப்பதில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் அதற்குள் இனிமேல் ஒரு பருக்கைகூடப் போகாது. கீழே சிறுகுடலை ஓரிடத்தில் அறுத்து, கீழ்முனையை மேலே இழுத்துப் புது வயிற்றோடு சேர்ப்பார்கள். சாப்பாடு இந்தப் புது வழியில் இறங்கும். பெரிய வயிற்றின் சாறும், கல்லீரலும் கணையமும் விடுகிற சாறும் பழைய வழியிலேயே வரும். ஒன்றரை மீட்டருக்குக் கீழே இரண்டு வழியும் ஒன்றாகச் சேரும்.

"சேர்ற எடத்துல இருந்து கீழ ரெண்டு பேருக்கும் பொதுப் பாதைங்களா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. அங்க வந்துதான் சாப்பாடும் சாறும் கலக்கணும். கலந்தாத்தான் செரிக்கும்."

"பெரியவரு சாறு உடாமப் போயிட்டா?"

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். "அவருக்குத் தெரியாம இருக்கற வரைக்கும் உடுவாருங்க. சாப்பாடு வரும்னு நம்பிக்கிட்டு ஊற வச்சுக்கிட்டே இருப்பாரு. தெரிஞ்சு மனசு விட்டுட்டாருன்னா அவரப் பாத்து மத்ததும் நின்னுபோகும். அதனாலதான் தைக்கறதுக்கு முன்னால உள்ள ஒரு நுனி இலை போட்டு, தண்ணி தெளிச்சுட்டு மூடறோம். அவரு இலைக்கு முன்னால உக்காந்திருப்பாரு. மாசாமாசம் ஸ்கேன்ல இலையப் பாப்போம். விரிச்சபடி இருந்தா நம்பிக்கையோட இருக்காருன்னு அர்த்தம்."

"மடிச்சிருந்தா?"

"தன்னைப் பாக்க மடிச்சாரா, எதிர்ப்பக்கம் மடிச்சாராங்கறதப் பொறுத்ததுங்க" என்றார்.

மேற்கொண்டு நான் கேட்கவில்லை. கல்யாண வீட்டில் சாப்பிட்டவன் இலையைத் தன் பக்கம் மடிப்பான், எழவு வீட்டில் எதிர்ப்பக்கம் மடிப்பான் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதானே. ஒப்புதல் படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். நானும் என் மனைவி கோகிலவாணியும் தனித்தனியாக ஒரு உறுதிமொழியிலும் கையெழுத்துப் போட்டோம். மூடிய பாகத்தின் காதுபட எதையும் உளறமாட்டோம் என்பது அதன் சாரம். வாசகம் சரியாக இல்லை. 'காதுபட' என்ற இடத்தில் 'அறிய' என்று திருத்திக்கொடுத்தேன், ஏற்றுக்கொண்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் கரூர்க்காரர் அங்கமுத்து இருந்தார். பஸ்ஸுக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருந்தவர். முன்கோபி. ஐந்தாம் நாள் அவருடைய பெரியவர் உள்ளேயிருந்து "எலை போட்டு எத்தன நேரமுங்க ஆச்சு" என்று ஒரு வார்த்தைதான் கேட்டிருக்கிறது. அதற்கு இவர், "இனிமே உனக்கு ஒண்ணும் கெடையாது, சும்மா கெட" என்று சொல்லிவிட்டார். மறுநாள் ஸ்கேனில் இலை எதிர்ப்பக்கம் மடிந்திருந்தது. குழாய் வழியாகவும் ஊசி வழியாகவும் என்னென்னவோ கொடுத்துப் பார்த்தார்கள். இருபதாம் நாள் அங்கமுத்து இறந்துபோனார். நான் பயந்துவிட்டேன் என்பதை இங்கே ஒளிப்பானேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது ரெஜினா சிஸ்டர் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். புது வயிற்றுக்கு ஒரு வேளைக்கு மூன்று கரண்டி. ஒவ்வொரு வாயையும் முப்பது தடவை மெல்ல வேண்டும். சாப்பிடும்போது தண்ணீர் கூடாது. சத்து மாத்திரைகளை உயிர் இருக்கும்வரை விழுங்க வேண்டும், ஏனென்றால் சாப்பாடு இப்போது பாதி வழியைத் தாண்டிக் குதித்துப் போகிறது, வழியில் சத்தை வாங்கிக்கொள்ள ஆளில்லை. இனிப்பு ஆகாது. பெரிய வயிறு இருந்தால் இனிப்பைத் தேக்கிவைத்துக் கொஞ்சங்கொஞ்சமாக விடும். இந்த முட்டை வயிற்றால் அதெல்லாம் முடியாது, வாங்கினதும் அப்படியே குடலில் கொட்டிவிடும். ஒருமுறை ஆசைப்பட்டு ஒரு விரல்கடை ஜிலேபி தின்றுவிட்டு, நெஞ்சு படபடத்து, சட்டை நனைய வேர்த்து, கால்மணி நேரம் தரையில் கிடந்தேன்.

"பெரியவர்கிட்ட எப்பவும் மரியாதையாப் பேசுங்க" என்றார் சிஸ்டர். "பந்தி சத்தம் கொறையக் கூடாது."

அப்படியாக எங்கள் வீட்டில் கல்யாணம் தொடங்கியது.

காலை எட்டு, மதியம் ஒன்று, சாயந்திரம் ஏழு. வாணி செல்போனில் நாதஸ்வரத்தைப் போடுவாள். என் வயிற்றுக்குப் பக்கத்தில் வாழையிலையைச் சரசரவென்று விரிப்பாள். இலைச் சத்தத்துக்குப் பெரியவருக்குச் சாறு நன்றாக ஊறும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். பாத்திரத்தில் கரண்டியைத் தட்டி, "சாம்பாரு யாருக்குங்க, ரசம் யாருக்குங்க" என்று கூடத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடப்பாள். நான் மூன்று கரண்டி கஞ்சியை முப்பது முப்பது தடவையாக மெல்லுவேன். பிறகு அவள் என் தொப்புளுக்கு நேராகக் குனிந்து, "கோவிச்சுக்காதீங்க, இந்தப் பந்தி நெறஞ்சுபோச்சு. அடுத்த பந்தி உங்களுக்குத்தானுங்க" என்பாள்.

உள்ளேயிருந்து பதில் வரும். நாற்பத்தேழு வருடப் பழக்கம், அதன் உறுமல் எனக்கு எழுத்தைப் போலத்தான் படிக்க வரும்.

"பரவால்லீங்க. வயசானவங்க மொதல்ல உக்காரட்டும்."

அந்த மரியாதைதான் என்னைக் கொன்றது. கொஞ்சம் சத்தம் போட்டிருந்தால், பந்தியில் இடம் கிடைக்காத சில மாமாக்களைப்போலத் துண்டை உதறிக்கொண்டு கிளம்பியிருந்தால், எனக்கும் மனசு ஆறியிருக்கும். அது அப்படிச் செய்யவில்லை. துண்டை மடியில் போட்டுக்கொண்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது.

அதற்கு நான் செய்ததையெல்லாம் யோசித்துப் பார்ப்பேன். என் தம்பிக்கும் எனக்கும் பாகம் பிரித்தபோது அந்தப் பத்திரத்தை நானே எழுதினேன். கையெழுத்துப் போட்டதோடு தம்பி என்னிடம் பேசுவதை விட்டுவிட்டான். அன்று பஸ் ஸ்டாண்டு கடையில் உட்கார்ந்து பதினான்கு பரோட்டா தின்றேன். எதற்கு இத்தனை என்று அது ஒரு வார்த்தை கேட்கவில்லை. தம்பி மகள் கல்யாணத்துக்கு அழைப்பு வராதபோது ஒரு கிலோ மிக்சர். அதையும் வாங்கிக்கொண்டது. என் துக்கம் அத்தனையையும் வாய் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டவரைத்தான் வாசலைத் தைத்துவிட்டு, "இதோ அடுத்த பந்தி" என்று உட்காரவைத்திருந்தேன்.

ஒரே கல்யாணம் ஒரு மாதம் நடந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அதனால் மூன்று நாளுக்கு ஒரு கல்யாணம் என்று வைத்துக்கொண்டோம். பீரோவில் கிடந்த பழைய பத்திரிகைகளிலிருந்து வாணி பெயர்களை எடுத்தாள். மணமக்கள் பெயரை முதல் நாள் காலையிலேயே என் வயிற்றருகில் உரக்கப் படித்துவிடுவாள். தை மாதத்தில் தவறுதலாக ஒரே பத்திரிகையை இரண்டாம் தடவையும் படித்துவிட்டாள்.

"இந்தப் பையனுக்கு ஐப்பசியிலயே முடிஞ்சுதுங்களே?" என்றது பெரியவர்.

வாணி அசரவில்லை.

"அது அண்ணனுங்க. இது தம்பி. அவங்க வூட்டுல தாத்தன் பேரையே ரெண்டு பேருக்கும் வச்சுப்போட்டாங்க."

"அட, அப்படிங்களா" என்று அது அமைதியாகிவிட்டது. வாணி சமையலறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டாள். நான்தான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

கிலோ குறைந்துகொண்டே வந்தது. நூற்றுப் பத்து, நூறு, தொண்ணூற்றிரண்டு. முடி கொட்டியது. வயிற்றுத் தோல் தொய்ந்து, பெல்ட்டுக்கு மேல் மடிந்து விழுந்தது. ஆறு படியையும் யார் கையையும் பிடிக்காமல் ஏறினேன். மேலே நின்ற சாட்சிகள் கைகுலுக்கிப் பாராட்டினார்கள். சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை. மாதா மாதம் ஸ்கேன் அறிக்கையில் 'இலை' என்ற வரியைத்தான் முதலில் பார்ப்பேன். முதல் ஆறு மாதமும் 'விரிந்த நிலை'. ஏழாம் மாதம் 'ஓரம் காய்ந்துள்ளது'. ஒன்பதாம் மாதம் 'நரம்பில் லேசான மடிப்பு, திசை தெரியவில்லை' என்று இருந்தது. திசை தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று சிஸ்டரிடம் கேட்டேன். கல்யாணச் சத்தத்தைக் கூட்டச் சொன்னார். தவில் சேர்த்தோம்.

மார்கழியில் கல்யாணம் கிடையாது என்பதைச் சிஸ்டர் முன்கூட்டியே போன் செய்து நினைவுபடுத்தியிருந்தார். அந்த மாதம் முழுக்கக் கோயில் அன்னதானம் என்று சொல்லிச் சமாளித்தோம். ஆடி மாதம் நெருங்கியபோது சிஸ்டர் பிரசவ விடுப்பில் இருந்தார். யாரும் போன் செய்யவில்லை. எங்களுக்காவது தோன்றியிருக்க வேண்டும். ஆடியில் நிலம் பதிய ஆள் வராது, என் மேஜை காலியாகக் கிடக்கும். நான் என்ன செய்தேன் தெரியுமா? சும்மா இருக்கிறோமே என்று வீட்டிலேயே இருந்து, பெரியவரின் மனசு குளிரட்டும் என்று தினம் இரண்டு பந்தி கூடுதலாக நடத்தினேன். ஊரில் ஒருத்தனும் கல்யாணம் வைக்காத மாதத்தில், ஒரு நாளைக்கு ஐந்து வேளை நாதஸ்வரம் வாசித்தது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

ஆடி பதினாறாம் தேதி மதியப் பந்தியின்போது வாணியின் அண்ணன் குழந்தைவேலு வந்தார். பெரிய தொண்டை. வாசலிலேயே செருப்பை விட்டுக்கொண்டு, "ஏனுங்க மாப்ள, ஆடி நோம்பிக்குக் கூப்பிட்டுட்டுப் போலாம்னு வந்தனுங்க. நாளானிக்குப் பதினெட்டு. தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வெடியால கெளம்பி வந்துருங்க" என்றார்.

வாணி கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். செல்போன் மட்டும் கெட்டிமேளம் வாசித்துக்கொண்டிருந்தது.

"ஆடியிலங்களா?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

நான் வாயில் இருந்த கஞ்சியை மெல்வதை நிறுத்திவிட்டேன். எத்தனையாவது தடவை மென்றேன் என்பதும் மறந்துபோயிற்று.

"ஆடியில எந்த மண்டபத்துலங்க கல்யாணம் வச்சிருக்கறாங்க?"

குழந்தைவேலு மச்சானுக்கு விஷயம் தெரியும். தன்னால்தான் கெட்டது என்பதும் உடனே புரிந்துவிட்டது. நல்ல மனுஷர். சரிசெய்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் என் வயிற்றைப் பார்த்துக் கும்பிட்டு, "வெளிக் கல்யாணம் இல்லீங்க. இது நம்ம வூட்டு விசேஷமுங்க. நம்மளுக்குள்ள மாசம் என்னங்க, கெழமை என்னங்க" என்றார்.

உள்ளேயிருந்து மெதுவாகக் கேட்டது.

"நம்ம வூட்டு விசேஷமுங்களா?"

"ஆமாங்க."

"அப்ப நான் எதுக்குங்க ஒறம்பரையாட்ட எலைக்கு முன்னால உக்காந்திருக்கறேன்? வூட்டாளு கடைசிப் பந்தியிலதானுங்களே உக்காரோணும்."

எங்கள் பக்கத்தில் விருந்தாளியைத்தான் ஒறம்பரை என்போம். ஒறம்பரை சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டாள் உட்கார மாட்டான். துண்டை இடுப்பில் கட்டி, வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாற இறங்கிவிடுவான். கடைசிப் பந்தியில் ஆறிப்போனதைச் சாப்பிடுவான். மச்சான் முகம் வெளுத்துவிட்டது. வாணி செல்போனை நிறுத்தினாள். பதினோரு மாதத்தில் முதல் தடவையாகப் பந்தி நேரத்தில் எங்கள் வீட்டில் சத்தமில்லை.

"ஏனுங்க" என்றது பெரியவர் என்னிடம். "கடைசிப் பந்தி எப்பங்க?"

வாணி என்னைப் பார்த்துத் தலையை அசைத்தாள். சொல்லிவிடாதீர்கள் என்று அர்த்தம். கரூர்க்காரரின் கட்டில் எனக்கு ஞாபகம் வந்தது. இன்னும் கொஞ்ச நேரமாகும் என்று சொல்லியிருக்கலாம். இதுவரை சொன்ன ஆயிரம் பொய்யோடு இன்னொன்று. ஆனால் அது இந்தத் தடவை எப்போது என்று நேராகக் கேட்டது, நான் தேதி போடாமல் எதையும் எழுதிப் பழகியவனில்லை.

"கடைசிப் பந்தி இல்லீங்க" என்றேன்.

"இன்னைக்குங்களா?"

"எப்பவும் இல்லீங்க. வாசல் மூடியாச்சு. உங்களுக்குச் சோறு வராதுங்க. நான்தான் மூடச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மன்னிச்சுக்கோங்க."

அழுதுவிட்டேன். மச்சான் முன்னால் அழுகிறோமே என்ற வெட்கம்கூட வரவில்லை.

அன்று சாயந்திரமும் மறுநாள் முழுக்கவும் அது பேசவில்லை. சாறு வரவில்லை. மூன்று கரண்டி கஞ்சி இறங்கிப்போய், இரண்டு வழியும் சேருகிற இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. அடுத்த மூன்று கரண்டியும் அதன் பின்னால் போய் நின்றது. வயிறு கல்லாகக் கனத்தது. கால் சில்லிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தோம். பதினெட்டாம் தேதி காலை பத்தரைக்கு ஸ்கேன், அதற்கு முன்னால் இடமில்லை என்றார்கள். வாணி என்னைத் திட்டவில்லை. ஒரே ஒரு தடவை, "உங்க நேர்மையக் கொண்டுபோய் ஒடப்புல போடுங்க" என்றாள். பிறகு பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, வாழையிலையை விரிப்பதும் சுருட்டுவதுமாக இருந்தாள். சரசரப்புக்கும் பதில் இல்லை.

பதினெட்டாம் தேதி காலையில் மச்சானே காரை ஓட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் ஆற்றுக்குப் போகிற கூட்டம். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறைக்கு வெளியே நீள பெஞ்சில் உட்கார்ந்தோம். எங்களுக்கு முன்னால் நான்கு பேர். நான்கு பேரின் வயிற்றருகிலும் அவரவர் வீட்டார் தாழ்ந்த குரலில், "அடுத்த பந்திதானுங்க, அடுத்த பந்திதானுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். வாணி என் கையைப் பிடித்திருந்தாள். எனக்குச் செத்துப்போய்விடுவோம் என்றுதான் தோன்றியது. பீரோச் சாவி எங்கே இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். அவள் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

மூன்றாவது ஆளைக் கூப்பிட்டபோது உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"ஏனுங்க. கீழ ஒறம்பரை ஏதாச்சு வந்து நிக்குதுங்களா?"

நான் தொப்புளைப் பார்த்துக் குனிந்தேன். "வந்திருக்குதுங்க. அன்னைக்கு மத்தியானத்துல இருந்து பந்தி பந்தியா வந்து நிக்குது. மூணு கரண்டி, மூணு கரண்டியா."

"யாரு கவனிக்கறாங்க?"

"யாரும் இல்லீங்க."

பெரியவர் யோசித்தார். அவர் யோசிப்பது விலாவுக்குக் கீழே ஒரு இழுப்பாகத் தெரிந்தது.

"வந்தவங்கள அப்படி நிறுத்திவைக்கக் கூடாதுங்க" என்றார். "நம்ம வூட்டுக்கு வந்துபோட்டாங்க. எனக்கு எல கெடைக்கறதும் கெடைக்காததும் நம்ம வூட்டுக்குள்ள. அது ஒறம்பரைக்கு எதுக்குங்க தெரியோணும்?"

அதன் பிறகு எழுந்து நிற்கும் சத்தம் கேட்டது. துண்டை உதறி இடுப்பில் இறுக்கிக் கட்டும் சத்தம். வாளியின் கைப்பிடி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் விழும் சத்தமும் தெளிவாகக் கேட்டது. வாணிக்கும் கேட்டிருக்க வேண்டும், அவள் என் கையை விட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் கல்லாக இருந்த வயிறு இளகத் தொடங்கியது. கீழே, இரண்டு வழியும் சேருகிற இடத்தில், அவர் ஒவ்வொருவர் முன்னாலும் குனிந்து, "இன்னும் கொஞ்சம் உட்டுக்கோங்க, கூச்சப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டே போவது எனக்குக் கேட்டது.

என் முறை வந்தது. ஸ்கேன் எடுக்கும் பெண் புதிதாக வந்தவள். வயிற்றில் குளிர்ந்த பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்திப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு இலை பார்க்கும் விதிகள் அடங்கிய புத்தகத்தை எடுத்து ஒரு பக்கத்தைப் புரட்டினாள்.

"இலை மடிஞ்சிருக்குங்க" என்றாள்.

வாணி கட்டிலின் கம்பியைப் பிடித்தாள்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"அவரு எந்திரிச்சுட்டாருங்க, அதான் பக்கம் பாக்கக் கஷ்டமா இருக்கு. உக்காந்திருந்த எடத்தை வச்சுத்தான் பாக்கணும்." கருவியை இடப்பக்கம் நகர்த்தினாள். "கெழக்கப் பாத்து உக்காந்திருந்திருக்காரு. மேல்பாதியத் தன் பக்கம் கொண்டாந்து மடிச்சிருக்காரு."

"தன் பக்கமா?"

"தன் பக்கந்தானுங்க. மடிச்சு, மேல தண்ணி டம்ளரைக் கவுத்து வச்சிருக்காரு. நெறஞ்ச வயிறுன்னு எழுதிடறேன்."

அந்த இலையில் பதினோரு மாதமாக ஒரு பருக்கை விழவில்லை. இருந்தும் அவள் நிறைந்த வயிறு என்றே எழுதினாள். நான் திருத்தச் சொல்லவில்லை.

கருவியை எடுக்கப்போனவள், மறுபடியும் வைத்துப் பார்த்தாள்.

"பக்கத்துல இன்னொரு இலை போட்டிருக்குங்க. பச்சை இலை. இப்பத்தான் தண்ணி தெளிச்சிருக்காங்க."

"அது யாருக்குங்க?" என்றாள் வாணி.

அந்தப் பெண் குனிந்து என் வயிற்றருகே காதை வைத்துக் கேட்டாள். தலையை ஆட்டினாள். பிறகு என் வயிற்றிலிருந்த பசையைத் துணியால் துடைத்துவிட்டு, நான் இறங்குவதற்குக் கை கொடுத்தாள்.

"உங்களுக்குத்தானுங்க. அடுத்த பந்தி உக்காரப்போறாங்களாம், சீக்கிரம் வரச் சொல்றாரு."

எனக்குப் பசித்தது. பந்திக்குப் போகிறவனைப்போலச் செருப்பை அறைக்கு வெளியே விட்டுவிட்டு, கை கழுவுகிற இடம் எங்கே என்று கேட்டுக்கொண்டு போனேன்.